மருந்துக்கடையில் கூடுதலாக வந்த 500 ரூபாய்: நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

புரசை மீனா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு 500 ரூபாய்க்கு எங்க வீட்ல மூணு பேரும் மூணு பக்கமா நிக்கறோம். அதான் இங்க கேக்கலாம்னு வந்தேன்.

மாமியாருக்கு மாசாமாசம் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்கறது புரசைவாக்கத்துல ஒரு கடையில. ஊர் முழுக்கக் கிளை இருக்கற கடைதான். சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனார். பில் 1,860. அன்னிக்கு யூபிஐ எடுக்கல, நாலு 500 ரூபாய்த் தாள் குடுத்திருக்கார். பாக்கி 140 வரணும். வீட்டுக்கு வந்து பார்த்தா கைல 640 இருக்கு. 100 ரூபாய்த் தாளுக்கு அடியில ஒரு புது 500 ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ரெண்டுமே கட்டுப் பிரிச்ச புதுத்தாள், விரல்ல தேய்ச்சாத்தான் ரெண்டா பிரியுது.

அவர் சொல்றார்: "கோடிக்கணக்குல வியாபாரம் பண்றவங்க, இது அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நாம எடுக்கல, அவங்களா குடுத்தது." மாமியார் சொல்றாங்க: "அடுத்தவங்க காசு வீட்ல தங்கக் கூடாது, வெள்ளிக்கிழமை கங்காதரேஸ்வரர் கோயில் உண்டியல்ல போட்டுடு." எனக்குக் கடையில கொண்டுபோய்க் குடுக்கணும்னுதான் தோணுது. ஆனா ரெண்டு நாள் கழிச்சுப் போனா நம்மளையே ஒரு மாதிரி பார்ப்பாங்களோன்னும் இருக்கு. நீங்க என்ன செய்வீங்க?

கல்லாப்பெட்டி:
மீனா சிஸ்டர், இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில கேஷ் கவுன்ட்டர்ல உக்காந்தவன் நான், அதனாலதான் இவ்வளவு உறுதியா சொல்றேன்.

அந்த 500 முதலாளி கணக்குல குறையும்னு உங்க வீட்டுக்காரர் நினைக்கறார். அது அங்க குறையாது. ராத்திரி ஷட்டர் பாதி இறக்கினதும் ஒவ்வொரு கல்லாவா எண்ண ஆரம்பிப்பாங்க. 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனைன்னு சில்லறை வரைக்கும் ஒரு தாள்ல எழுதி, சிஸ்டம் காட்டற தொகையோட ஒத்துப் பார்க்கணும். ஒத்து வரலைன்னா திரும்ப எண்ணணும். அப்புறம் டிராயரை முழுசா வெளிய உருவி, சந்துல ஏதாவது தாள் மாட்டியிருக்கான்னு செல்போன் வெளிச்சத்துல பார்ப்போம். கார்டு ஸ்லிப்பை எல்லாம் மறுபடி கூட்டுவோம். மத்த பொண்ணுங்க எல்லாம் கடைசி டிரெயினுக்குக் கிளம்பிடுவாங்க, கல்லா டேலி ஆகாத ஆள் மட்டும் நிக்கும். அப்பவும் கிடைக்கலைன்னா ஷார்ட்டேஜ் நோட்டுல பேர், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து. மாசக் கடைசியில சம்பளத்துல பிடிச்சுடுவாங்க.

அந்தக் கவுன்ட்டர்ல நிக்கற பொண்ணுக்கு ஒரு நாள் சம்பளமே 500 சொச்சம்தான் இருக்கும். நீங்க திருப்பிக் குடுக்கப் போறது அந்தப் பொண்ணோட ஒரு நாளை.

அயனாவரம் பிரபு:
நான் மீனா அக்கா வீட்டுக்காரர் பக்கம். தப்பா எடுத்துக்காதீங்க. சில்லறை இல்லைன்னு ரெண்டு ரூபாய்க்கு ஒரு சாக்லேட்டைக் கைல திணிக்கறாங்களே, அதே சாக்லேட்டை நாம திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாங்களா? அஞ்சு மாத்திரை போதும்னா முழு அட்டையா வாங்குன்னு சொல்றாங்க. பைக்குத் தனிக் காசு. இப்படி வருஷத்துக்கு நம்மகிட்ட எவ்வளவு போகுதுன்னு யாராவது கூட்டிப் பார்த்திருக்கோமா? அவங்க பக்கம் போனா வியாபாரம், நம்ம பக்கம் வந்தா மட்டும் பாவமா?

கல்லாப்பெட்டி:
பிரபு தம்பி, நீங்க சொல்ற அநியாயம் எல்லாம் நிஜம்தான். நானும் வீட்டுக்கு சாக்லேட் வாங்கிட்டு வந்தவன்தான். ஆனா சாக்லேட் குடுக்கணும்னு முடிவு பண்ணது முதலாளி. 500 கட்டப்போறது கவுன்ட்டர்ல நிக்கற பொண்ணு. ஒருத்தர் கடனை இன்னொருத்தர்கிட்ட வசூல் பண்றது எந்த ஊர் நியாயம்? சாக்லேட் வேணாம், காசு குடுங்கன்னு அங்கயே நின்னு கேளுங்க. நான் கேக்கறேன், பல இடத்துல குடுக்கவும் குடுக்கறாங்க.

ஓய்வுபெற்ற கண்டக்டர்:
நல்ல விஷயம் பேசறீங்க. பெரம்பூர்ல இருந்து பெசன்ட் நகர் போற பஸ்ல ரொம்ப காலம் டூட்டி பார்த்தவன் நான். எங்க பையும் அதே கதைதான். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி என் கைல சொந்தக் காசு எவ்வளவு இருக்குன்னு வே பில்லுல, அதாவது டிக்கெட் கணக்குத் தாள்ல, எழுதிடணும். கிழிச்ச டிக்கெட்டுக்கு எவ்வளவோ அது டிப்போல கட்டணும். குறைஞ்சா என் பாக்கெட்டுல இருந்து போட்டுக் கட்டணும். கூடுதலா இருந்தாலும் செக்கிங் வந்தா நான்தான் பதில் சொல்லணும். பீக் அவர்ல அம்பதுக்கும் நூறுக்கும் வித்தியாசம் தெரியாத நெரிசல்ல பாக்கி குடுக்கறப்ப, "கண்டக்டரே, பத்து ரூபா அதிகமா குடுத்துட்டீங்க"ன்னு பின்னாடில இருந்து கை நீட்டற பயணி இருந்தாங்க பாருங்க, அவங்க முகம் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு. பள்ளிக்கூடப் பசங்கதான் அதுல அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சில்லறை இல்லாதப்ப டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதிக் குடுப்போம். இறங்கற அவசரத்துல வாங்காமப் போயிடுவாங்க. தினம் வர்ற ஆளா இருந்தா மறுநாள் கூப்பிட்டுக் குடுத்துடுவேன். முகம் தெரியாத ஆளோட காசை கலெக்‌ஷனோட சேர்த்துக் கட்டிடுவேன். டீக்குக் கூட அதுல கை வெச்சதில்ல. அந்தக் காசு பயணியோடது. அவர் மறந்துட்டதால அது என்னுதா ஆயிடாது.

எழும்பூர் வழக்கறிஞர்:
சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துவிடுகிறேன். மீனா அவர்களின் வீட்டுக்காரர் "அவங்களா குடுத்தது" என்கிறார். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு நேராக இதற்காகவே இருக்கிறது: தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். தவறு கொடுத்தவருடையது என்பது வைத்துக்கொள்வதற்குக் காரணம் ஆகாது.

கீழே கிடக்கும் பணம் வேறு. 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவில் சில உதாரணங்கள் கொடுத்திருந்தார்கள். சட்டக்கல்லூரியில் படித்தபோதே என்னைப் பிடித்து நிறுத்தியவை அவை. ஒருவர் சாலையில் ஒரு ரூபாயைப் பார்க்கிறார், யாருடையது என்று தெரியவில்லை, எடுத்துக்கொள்கிறார். குற்றமில்லை. இன்னொருவர் சாலையில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறார், உள்ளே பணத்தாள். முகவரியையும் கடிதத்தையும் படித்து உரியவர் யார் என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொள்கிறார். குற்றம். மூன்றாமவர், ஒருவருடைய பணப்பை விழுவதைக் கண்ணால் பார்க்கிறார், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எடுக்கிறார், பிறகு மனம் மாறி வைத்துக்கொள்கிறார். அதுவும் குற்றம். எடுத்த நொடியில் நல்ல எண்ணம் இருந்தது என்பது அவரைக் காப்பாற்றாது.

2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு நடப்பில் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. தொகை பெரிதா சிறிதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. உரியவர் யார் என்று தெரியுமா, நியாயமான முயற்சி எடுத்தால் தெரிந்துகொள்ள முடியுமா, அதற்கு வேண்டிய காலம் கொடுத்தீர்களா என்றுதான் பார்க்கிறது. 500 ரூபாய்க்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மீனா அவர்களின் கையில் பில் இருக்கிறது. கடை பெயர், கவுன்ட்டர், நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். உரியவர் தெரியாத பணம் என்று இதைச் சொல்லவே முடியாது.

அயனாவரம் பிரபு:
சார், அப்படின்னா சம்பளத்துல பிடிக்கறது மட்டும் சட்டத்துக்கு சம்மதமா? என் கோபமே அங்கதான். நாள் முழுக்க நின்னுக்கிட்டே ஆயிரம் பேருக்குப் பில் போடற ஆள்கிட்ட ஒரு தாள் ஒட்டிக்கிட்டுப் போனா, அதை நிறுவனம்தானே ஏத்துக்கணும்?

எழும்பூர் வழக்கறிஞர்:
உங்கள் கோபம் நியாயமானது. ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணம் அவருடைய கவனக்குறைவால் குறைந்தால் பிடித்தம் செய்யலாம் என்று 1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், இழப்புக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் பிடிக்கக் கூடாது. கையெழுத்து வாங்கும் கடைகளில் எத்தனை பேர் அந்த வாய்ப்பைக் கொடுக்கிறார்கள் என்று கல்லாப்பெட்டி நண்பர்தான் சொல்ல வேண்டும்.

கல்லாப்பெட்டி:
நான் பார்த்த வரைக்கும் யாரும் கேட்டதில்ல சார். நோட்டை நீட்டுவாங்க, போடுவோம்.

புரசை மீனா:
எல்லாருக்கும் நன்றி. கல்லாப்பெட்டி அண்ணன் எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேருமா போய்ட்டு வந்துட்டோம். பில்லைக் காட்டினதும் சூப்பர்வைசர் நோட்டை எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமை தேதியில 500, கீழ கையெழுத்து, அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. அந்த வரியை அடிச்சுட்டுப் பக்கத்துல அவர் கையெழுத்துப் போட்டார். யாரும் எங்களை ஒரு மாதிரி பார்க்கல. இதே மாதிரி தயங்கறவங்க இருந்தா, பில்லோட போங்க, சனிக்கிழமை இத்தனை மணிக்குன்னு சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

மாமியாருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறல. உண்டியல்ல போட்டிருந்தா புண்ணியம்தானேங்கறாங்க.

குரோம்பேட்டை பாலா:
மீனா மேடம், உங்க மாமியார் மாதிரிதான் எங்க அம்மாவும். "யார் காசோ, சாமிக்குப் போகட்டும்." பயபக்தியில சொல்றது, தப்பான எண்ணம் இல்ல. ஆனா உரியவர் யார்னு தெரிஞ்ச காசை உண்டியல்ல போட்டா, அந்தக் கவுன்ட்டர் பொண்ணைக் கேக்காம அவ காசுல நாம காணிக்கை போட்டதா ஆயிடும். புண்ணியம் நமக்கு, ஷார்ட்டேஜ் அவளுக்கு.

உண்டியல்ல விழுந்தது லேசுல திரும்பி வராதுங்கறதையும் பெரியவங்க யோசிக்கணும். 2024 டிசம்பர்ல திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலைத் திறந்தப்ப, அதுல தவறி விழுந்த ஒரு பக்தரோட ஐபோன் இருந்தது ஞாபகம் இருக்கும். உண்டியல்ல விழுந்ததால அது கோயிலுக்குத்தான் சொந்தம், உள்ள இருக்கற தகவலை மட்டும் எடுத்துக்கலாம்னு அப்ப சொன்னாங்க. கைதவறி விழுந்த போனுக்கே அந்த நிலைமைன்னா, நாம தெரிஞ்சே போட்ட அடுத்தவங்க காசை யார் போய்க் கேக்கறது?

பஸ் ஸ்டாண்டுல கிடந்த பத்து ரூபா, பக்கத்துல நாலு பேரைக் கேட்டும் யாரும் இல்லைன்னா, உண்டியல்ல போடுங்க, இல்ல வாசல்ல உக்காந்திருக்கறவங்களுக்குக் குடுங்க. அதுல எனக்கு மறுப்பே இல்ல.

வேளச்சேரி நித்யா:
இதோட சேர்த்து என் சந்தேகமும். போன வாரம் என் அக்கவுன்ட்டுக்கு முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட இருந்து 6,000 வந்துச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு போன். "மேடம், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது, ஒரு நம்பர் மாறிடுச்சு, இந்த நம்பருக்கு உடனே அனுப்பிடுங்க"ன்னு அழுகாத குறை. அவர் குடுத்த நம்பரும் பணம் வந்த நம்பரும் வேற வேற. அதனால அனுப்பல. ஆனா நிஜமாவே ஆஸ்பத்திரியில இருந்தா என்ன பண்றதுன்னு தூக்கமே வரல.

வங்கி ஊழியர்:
நித்யா மேடம், அனுப்பாம இருந்தது சரி. ஆனா அப்படியே விட்டுடவும் கூடாது. முதல்ல எஸ்எம்எஸ்ஸை நம்பாம அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. பணம் வந்த மாதிரி போலி மெசேஜ் மட்டும் அனுப்பிட்டு, உங்க சொந்தக் காசைத் திருப்பி அனுப்ப வைக்கற கும்பல் இருக்கு. அவங்க அனுப்பற க்யூஆர் எதையும் ஸ்கேன் பண்ணாதீங்க. பணம் நமக்கு வர்றதுக்கு யூபிஐ பின் (PIN) நம்பர் போடவே வேண்டியதில்ல.

நிஜமாவே வந்திருந்தா இன்னும் கவனம் வேணும். ஏமாந்த ஒருத்தரோட பணத்தை உங்க அக்கவுன்ட்ல போட்டு, உங்க கையாலயே மூணாவது ஆளுக்கு அனுப்ப வைப்பாங்க. ஏமாந்தவர் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்குப் புகார் பண்ணினா, போலீஸ் பணம் போன வழியில வர்றப்ப உங்க அக்கவுன்ட்டும் நடுவுல நிக்கும், முடக்கிடுவாங்க. அதனால உங்க கிளைக்குப் போய், "இந்தத் தேதி, இந்தப் பரிவர்த்தனை எண், இது என் பணம் இல்ல, அனுப்பின கணக்குக்கே திருப்பிடுங்க"ன்னு எழுதிக் குடுத்து, நகல்ல முத்திரை வாங்கிக்குங்க. நிஜமாவே தவறி அனுப்பினவரா இருந்தா அவரும் அவர் பேங்க்ல புகார் குடுத்திருப்பார். உங்க சம்மதக் கடிதம் இருந்தா பணம் போய்ச் சேர்ந்துடும். அதுவரைக்கும் அந்த 6,000-ஐத் தொடாதீங்க.

சம்மதம் குடுக்காம மாசக்கணக்குல இழுத்தடிக்கறவங்களை கவுன்ட்டர்ல பார்க்கறேன். "என் அக்கவுன்ட்ல வந்தது என்னுது"ங்கறாங்க. தவறி அனுப்பினவர் எதிர்ல நாற்காலியில உக்காந்திருப்பார், வீட்டு வாடகையா இருக்கும், ஸ்கூல் ஃபீஸா இருக்கும். ஒரு எண் மாத்தி அடிச்சதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையான்னு மனசு கொதிக்கும். எங்களால தானா எடுத்துக் குடுக்க முடியாது.

பட்டாபிராம் சிவகாமி:
வாங்கினவங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும். அரசாங்கமே தப்பாக் கணக்குப் போட்டுச் சம்பளம் அதிகமா குடுத்துட்டு, ரிடையர் ஆகறப்ப மொத்தமாப் பிடிக்க வருவாங்க. கீழ்நிலைப் பணியில இருந்தவங்களுக்கு அது தெரியவே தெரிஞ்சிருக்காது, வந்ததை வெச்சுக் குடும்பம் நடத்தியிருப்பாங்க. 2014 டிசம்பர்ல ரஃபிக் மசீ வழக்குல உச்ச நீதிமன்றம், குரூப் சி, குரூப் டி ஊழியர்கள்கிட்டயும், ஓய்வு பெற்றவங்ககிட்டயும், ஒரு வருஷத்துக்குள்ள ஓய்வு பெறப் போறவங்ககிட்டயும் இப்படித் திரும்ப வசூல் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல அப்படிக் குடுத்துக்கிட்டே வந்திருந்தாலும் கூடாது. கல்லாப்பெட்டி சார் சொன்னதும் இதுவும் எனக்கு ஒண்ணாத்தான் படுது. எங்க வலிக்கும்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஏமாத்தி வாங்கினவங்களுக்கு இது பொருந்தாது, அதையும் சொல்லிடறேன்.

மடிப்பாக்கம் கார்த்தி:
500-க்கு இவ்வளவு பேர் மனசு வெச்சுப் பேசறதைப் படிச்சதும் என் விஷயத்தையும் எழுதணும்னு தோணிச்சு. வாடகை 15,000. பத்து மாச அட்வான்ஸ் 1,50,000. வீட்டைக் காலி பண்ணி ரெண்டு மாசம் தாண்டிடுச்சு. "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுக்கட்டும், வாங்கித் தரேன்"ங்கறார் ஹவுஸ் ஓனர். பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுப்பேன்னும் சொல்றார். புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க நகையை வெச்சிருக்கோம். மாசாமாசம் வட்டி நான் கட்டறேன், என் பணம் அவர்கிட்ட இருக்கு. நல்ல மனுஷர்தான். பொங்கலுக்குக் கரும்பு குடுத்தனுப்புவார். கீழ கிடந்த பர்ஸை இவர் எடுத்தா கண்டிப்பா போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடுவார். அட்வான்ஸ் மட்டும் அவருக்கு அடுத்தவர் பணமாத் தெரியல.

நங்கநல்லூர் விஜயா:
கார்த்தி தம்பி, நான் வீட்டுக்காரம்மா. ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கேன். எங்க பக்கத்துல என்ன நடக்குதுன்னு சொல்றேன். அட்வான்ஸ் வந்ததும் பழைய குடித்தனக்காரருக்குக் குடுக்கறதுல பாதி போகும். மீதி மாடிக்கு ஷீட் போட, பொண்ணு கல்யாணத்துக்குன்னு போயிடும். அப்புறம் நீங்க காலி பண்றேன்னு சொன்னதும்தான் அது கைல இல்லைன்னே உறைக்கும். சென்னையில பல ஓனருங்க இப்படித்தான் ஒரு குடித்தனக்காரர் பணத்தை வெச்சு இன்னொருத்தருக்குத் தீர்த்துக்கிட்டிருக்கோம். வேணும்னே ஏமாத்தறவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா குடித்தனக்காரருக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதை நான் ஒத்துக்கறேன்.

என் வீட்டுக்காரர் இருந்தப்பவே ஒரு பழக்கம் பண்ணி வெச்சார். அட்வான்ஸ் வந்த அன்னிக்கே ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டுடுவோம். ரசீது உறை மேல போர்ஷன் நம்பரும் குடித்தனக்காரர் பேரும் எழுதியிருக்கும். சாவி வாங்கற அன்னிக்கு செக் குடுத்துடுவேன். கை நடுங்கற செலவு எனக்கும் வந்திருக்கு, அந்த உறையைப் பிரிச்சதில்ல. இப்ப வர்றவங்ககிட்ட மூணு மாச அட்வான்ஸ்தான் வாங்கறேன், திருப்பிக் குடுக்கறதும் சுலபமா இருக்கு.

எழும்பூர் வழக்கறிஞர்:
அம்மா சொன்ன மூன்று மாதம்தான் சட்டத்திலும் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த குடித்தனக்காரர் வரும் வரை என்று அதில் எங்கேயும் இல்லை.

மடிப்பாக்கம் கார்த்தி:
வக்கீல் சார், கோர்ட்டு, கேஸுன்னு போக மனசு வரல. அந்த மனுஷர்கிட்ட முகம் கொடுத்துப் பேசணும். என்ன சொல்லிக் கேக்கறது?

நங்கநல்லூர் விஜயா:
போன்ல கேக்காதீங்க தம்பி, நேர்ல போங்க. வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அடகுக் கடை ரசீதை எடுத்துக்கிட்டுப் போய் முன்னாடி வைங்க. எங்க மாதிரி ஆளுங்களுக்கு அட்வான்ஸ்ங்கறது ஒரு தொகையாத்தான் தெரியும், அதுக்கு நீங்க மாசாமாசம் வட்டி கட்டறீங்கன்னு யாரும் சொன்னதில்ல. மொத்தமா முடியலைன்னா, இந்த மாசம் இவ்வளவு, அடுத்த மாசம் பத்து தேதிக்குள்ள மீதின்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க. பெயிண்டிங் வேலை நடந்திருந்தா பெயிண்டர் பில்லைக் காட்டச் சொல்லுங்க. நடக்கலைன்னா அந்த 15,000-ஐயும் விடாதீங்க. அப்பவும் இழுத்தா வக்கீல் சார்கிட்ட ஒரு நோட்டீஸ் எழுதச் சொல்லுங்க.

எழும்பூர் வழக்கறிஞர்:
எழுதித் தருகிறேன் கார்த்தி. ஒப்பந்த நகல், அட்வான்ஸ் அனுப்பிய வங்கிப் பதிவு, சாவி கொடுத்த தேதிக்கு ஏதாவது ஆதாரம், வாட்ஸ்அப் செய்தி இருந்தாலும் போதும், எடுத்து வையுங்கள். முதலில் அம்மா சொன்னபடி நேரில் போய்விட்டு வாருங்கள்.